மன உறுதியும் மதுவின் பிடியும்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

திருவண்ணாமலையை வலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவ்வழியில் வருணலிங்கத்தைக் கடந்து வாயுலிங்கத்தை அடையுமுன் வருவது எங்கள் ஊராகிய அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவுகளில் எங்கள் வாசல் வழியே மக்கள் வெள்ளம் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தை நம்பி இளநீர்க் கடை போட்டவர் என் தந்தையார். விடிய விடிய விற்ற காசு மறுநாள் நண்பகலுக்குள் மதுக்கடைக்குப் போய்விடும்.

'குடியை விட மன உறுதி ஒன்றே போதும்' என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். நானும் பள்ளிப் பேச்சுப் போட்டியில் அப்படிப் பேசிப் பரிசு வாங்கியவன்தான். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை என் வீட்டில் கற்றேன். அதனைச் சக மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

சட்டமும் தனிமனிதனும்

கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய அச்சட்டம் 1971-இல் விலக்கப்பட்டு, 1974-இல் மீண்டும் வந்து, மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. சட்டம் வரலாம், போகலாம். ஆனால் ஒரு வீட்டின் அடுப்பு எரிவது அவ்வீட்டார் எடுக்கும் முடிவையும் பொறுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு சத்தியமும் மூன்றாம் இரவும்

நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் என் தந்தையார் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். "இனிமேல் தொடமாட்டேன்" என்றார். அம்மா அழுதுவிட்டார். சொன்னபடியே மறுநாள் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை.

மூன்றாம் இரவு அவர் கைகள் நடுங்கின. உடல் வியர்வையில் நனைந்தது. சுவரில் எறும்புகள் ஊர்வதாகச் சொல்லித் துணியால் தட்டத் தொடங்கினார். அம்மாவையே யாரென்று கேட்டார். "காத்து கருப்பு அடிச்சிருக்கு, வேப்பிலை அடிங்க" என்றார் ஒருவர். "கொஞ்சம் ஊத்திக் குடுங்க, சரியாயிடும்" என்றார் இன்னொருவர். அம்மா இருவர் பேச்சையும் கேட்கவில்லை. ஆட்டோ வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்.

மருத்துவர் விளக்கியதை நான் அன்று முழுதும் உணரவில்லை. விலங்கியல் படித்தபின் உணர்ந்தேன். மது, மூளையை அடக்கிவைக்கும் 'காபா' என்னும் வேதிப்பொருளின் வேலையை மிகுவிக்கிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால், மூளை அதனை ஈடுகட்டத் தன் தூண்டும் ஆற்றலை உயர்த்திக்கொள்கிறது. மதுவைத் திடீரென நிறுத்தினால் தூண்டுதல் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அதனால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றுகின்றன. கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே நாளும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துதல் கூடாது. தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தும், படிப்படியாகக் குறைக்கப்படும் மாத்திரைகளும் அவரைக் காப்பாற்றின.

மன உறுதி என்பது யாது?

அப்படியானால் மன உறுதிக்கு வேலையே இல்லையா? உண்டு. மருத்துவமனையிலிருந்து வந்தபின்தான் அதன் வேலை தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து ஓர் உறவினர் திருமணத்தில் அவர் மீண்டும் குடித்தார். மறுநாள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவரிடம் அம்மா, "விழுந்தது விழுந்தாச்சு, எழுந்திருங்க, டாக்டரைப் பாத்துட்டு வரலாம்" என்றார். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவர் எழுந்து நடந்தாரே, அதுவே மன உறுதி என்பேன்.

பிறகு சில வழிகளைக் கைக்கொண்டார். விற்ற காசை அன்றன்றே அம்மாவிடம் கொடுத்துவிடுவார். மதுக்கடை உள்ள தெருவை விட்டுச் சுற்றுவழியில் வருவார். குடிக்கும் வேட்கை எழுந்தால் வாயுலிங்கம் வரை நடந்துவிட்டுத் திரும்புவார். வேட்கை அலை போன்றது. பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். 'வாழ்நாள் முழுதும்' என்று மலைக்காமல் 'இன்று ஒரு நாள்' என்று நாட்காட்டியில் கோடு போடுவார். 1935-இல் அமெரிக்காவில் குடிப்பழக்கத்தால் துன்புற்ற ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாகித் தொடங்கிய இயக்கம் உலகுக்குச் சொன்னதும் இதுவே.

நம் நாட்டிலும் நல்ல சான்று உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன், துயரத்தில் முடங்காமல் 1980-இல் சென்னையில் குடிநோயாளிகளுக்கென மருத்துவமனை ஒன்றை நிறுவினார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தன் வீட்டில் அணைந்த விளக்குக்காகப் பிறர் வீடுகளில் விளக்கேற்றியவர் அவர்.

முடிவாக

குடிநோயாளியை ஏசுவதால் பயனில்லை. அவர் செய்யவேண்டியதை நாம் செய்துவிடவும் இயலாது. முடிவு அவருடையது; துணை நம்முடையது. மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14446 என்னும் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். நண்பர் நீட்டும் முதல் குவளையை மறுப்பதற்கு மருத்துவர் வேண்டாம். மன உறுதி ஒன்றே போதும். மாணவ நண்பர்களே, அந்த வாய்ப்பு இன்னும் நம் கையில் இருக்கிறது.

என் தந்தையார் இன்றும் இளநீர்தான் விற்கிறார். இவ்வாண்டு என் கல்லூரிக் கட்டணத்தைப் பௌர்ணமி வியாபாரக் காசிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அவர் கை நடுங்கவில்லை.