பாரிற் கலவாய் மீன் பிடித்தல்

சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக விதைப்புத் தொடங்குமுன், தோணியிற் சென்று தூண்டில் இட விரும்பும் பாண்டிருப்புக் கமக்காரர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. இடம்: கலவாய், கடலடிப் பார்களின் பொந்துகளிற் பதுங்கியிருந்து, அருகே வரும் நண்டையும் சிறுமீனையும் பாய்ந்து விழுங்கும். ஆகவே, நீரோட்டம் வரும் பக்கத்தில் நங்கூரமிட்டுக் கயிற்றைத் தளர்த்துக. தோணி பாரின்மேல் வந்து நிற்கும்.

2. இரை: கணவாய்த் துண்டு அல்லது சூடை மீனைக் கோத்து இறக்குக. ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு முழம் உயர்த்திப் பிடிக்க.

3. இழுத்தல்: மீன் கவ்வியதும் இரண்டு மூன்று பாகம் விரைவாக இழுத்தல் வேண்டும். தாமதித்தால் மீன் பொந்துட் புகுந்துவிடும். தங்கூசி கல்லில் உராய்ந்து அறும். புகுந்துவிட்டாற் சிறிது நேரம் தளரவிடுக. மீன் தானே வெளிவரக்கூடும்.

4. விடுதல்: கலவாயிற் பல இனங்கள் முதலிற் பெண்ணாக முதிர்ந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுவன. சிறியவற்றைப் பிடித்தால் முட்டையிடுவனவும், பெரியவற்றையே பிடித்தால் ஆண்களும் குறையும். எனவே, சிறியவற்றை நீரில் விடுக; ஒரே பாரை நாள்தோறும் நாடற்க.

5. எச்சரிக்கை: ஐப்பசிக்குப்பின் வாடைக்காற்று வலுக்கும். 1978 நவம்பர் 23 இற் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை முதியோர் மறந்திலர். வானிலை அறிவித்தலைக் கேட்டே புறப்படுக. கடல் குமுறத் தொடங்கின், தோணியைக் கரையேற்றி வயலுக்குத் திரும்புக.