வீரரின் நெஞ்சில் ஒரு வெயில் காவலன்

நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். முதுகில் சுமையோடு வெயிலில் நெடுந்தூரம் நடக்கும் ராணுவ வீரருக்கு அது 40 டிகிரியைத் தாண்டினால் ‘ஹீட் ஸ்ட்ரோக்’ வரலாம், உயிருக்கே ஆபத்து.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீங்க. தெரியாது. வியர்வை தோலைக் குளிர வைத்துவிடும். விழுங்கும் வெப்பமானி மாத்திரை சரியாகக் காட்டும். ஆனால் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். படை முழுவதற்கும் தினமும் கொடுக்க முடியுமா?

இதற்கு அமெரிக்க அரசின் ராணுவச் சுற்றுச்சூழல் மருத்துவ ஆய்வு நிலையம் ஒரு வழி கண்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் நாட்டிக்கில் உள்ள அந்த நிலையம் பிடித்துக்கொண்ட நூல், இதயத் துடிப்பு. உடல் சூடாகும்போது தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்கும். நெஞ்சில் கட்டிய சென்சார் அந்தத் துடிப்பைத் தொடர்ந்து கவனித்து உள்வெப்பத்தைக் கணக்கிடுகிறது. எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தோடு சேர்ந்து, நடை தள்ளாடுவதையும் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கினார்கள்.

ஆனாலும் இது மதிப்பீடுதான். கருவி எச்சரிக்கும், காப்பாற்ற வேண்டியது பக்கத்தில் இருப்பவர். கருவி இல்லாத நமக்கும் அதே அறிகுறிகள்தான். வெயிலில் வேலை செய்பவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், நிழலில் படுக்க வையுங்க. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. 108-ஐ அழையுங்க. மயங்கியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீங்க. ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தவே கூடாது.