அம்பாரித் துப்பாக்கி சொல்லும் பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் துப்பாக்கிக் கலைஞர்கள் அரச குடும்பத்தினருக்கும் இந்திய மகாராஜாக்களுக்கும் வேட்டைத் துப்பாக்கிகளை அழகிய மரப்பெட்டிகளில் வைத்து அளித்தனர். அவற்றுள் ஒன்றே 'ஹௌடா பிஸ்டல்'. ஹௌடா என்பது யானை மீது வைக்கும் அம்பாரியாகும்.

காயம்பட்ட புலி யானையின் மீது பாய்ந்தேறினால், நீண்ட துப்பாக்கியைத் திருப்ப இடமிராது. அவ்வேளையில் உயிர் காக்கவே குட்டையான இரட்டைக் குழலும் பெரிய துளையும் கொண்டு இது செய்யப்பட்டது.

பெட்டியைத் திறந்தால் உட்புறம் பச்சைக் கம்பளித் துணி. தனித்தனி அறைகளில் வெடிமருந்துக் குடுவை, ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, செப்புக் கேப்புகள், குழல் துடைக்கும் கோல். விசையை இழுத்ததும் சுத்தி கேப்பின் மேல் விழும். பொறி எழுந்து மருந்தைப் பற்ற வைக்கும். தோட்டாக்கள் வந்தபின் குடுவைக்கும் அச்சுக்கும் வேலையில்லாமற் போயிற்று.

வேலைப்பாடு அழகுதான். ஆனால் வேட்டையின் விளைவு என்ன? 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்தில் வேட்டையாடியபோது, பத்தே நாட்களில் 39 புலிகள் மாண்டன. வேட்டையாலும் காடழிப்பாலும் 1972-இல் இந்தியாவில் சுமார் 1,800 புலிகளே எஞ்சின. அவ்வாண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடு 3,682.

தோழியரே, அப்பெட்டிகள் அருங்காட்சியகங்களில் உறங்கட்டும். புலிகள் காட்டில் உலவட்டும்!