கடலையில் பூஞ்சாண நஞ்சும் கல்லீரல் புற்றுநோயும்

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சாணம் உண்டாக்கிய அப்ளாடாக்ஸின் நஞ்சே காரணம்.

மனிதர் உண்டால் இந்நஞ்சு கல்லீரலில் உருமாறி, உயிரணுவின் மரபுப்பொருளில் ஒட்டிக்கொள்கிறது. உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகாமல் தடுக்கும் பி-53 என்னும் மரபணு இதனால் பழுதாகிறது. இந்நஞ்சு மிகுந்த சீனப் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் புற்றுநோயாளிகள் பலரிடம், அம்மரபணுவின் ஒரே இடத்தில் இப்பழுது இருப்பதை 1991-இல் ஆய்வாளர்கள் கண்டனர். ஹெபடைடிஸ் பி கிருமியும் உடலில் இருந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

வறுத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு முழுதும் அழியாது. எனவே களத்திலேயே தடுக்க வேண்டும். பறித்த காய்களை, ஈரம் 8 சதத்துக்குக் குறையும்வரை உலர்த்துங்கள். குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும். காயை உடைக்க எளிதென்று தண்ணீர் தெளிப்பது பெருங்கேடு. பூஞ்சாணம் பூத்த பருப்பைப் பொறுக்கி மாட்டுக்கு வைப்போரும் உண்டு. அந்நஞ்சு பாலில் இறங்கி வீட்டுக் குழந்தைக்கே வந்துசேரும்.