மாட்டினால் போதுமா? பழைய ஜீப்புக்கு மாற்றுச் சக்கரம் வாங்குமுன் ஒரு பாடம்

நம் சங்க உறுப்பினர்களில் பலர் அகளி, முக்காலி, ஆனைகட்டிப் பக்கத்திலும், இடுக்கியில் மூணாறு, பூப்பாறை, வண்டிப்பெரியார் பக்கத்திலும் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள். பஸ் போகாத ஊர்களுக்கு அதுதான் பஸ், அதுதான் ஆம்புலன்ஸ். அந்த ஜீப்புக்கு டயரும் ரிம்மும் தேய்ந்தால் புதிதாக வாங்க ஆகும் செலவைப் பார்த்து, "பழையது நல்லதாகக் கிடைக்குமா?" என்று தேடுகிறோம். நானும் தேடினேன். கோயம்புத்தூரில் ஒரு பழைய சாமான் கடையில் நான்கு ரிம்மும் டயரும் சேர்த்து மலிவாகக் கிடைத்தன. ஐந்து துளை, ஐந்து போல்ட். நட்டு சரியாக ஏறியது. பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. மகிழ்ச்சியோடு அகளிக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரம் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு முக்காலியிலிருந்து மண்ணார்க்காட்டுக்குச் சுரம் இறங்கினேன். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தபோது முன்பக்கம் 'கர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த வளைவிலும் அதே சத்தம். ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால், டயரின் உள் விளிம்பு பட்டைச் சுருளில் உராய்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், பக்கத்தில் வரும் பிரேக் ரப்பர் குழாயின் மேல் தோலும் தேய்ந்திருந்தது. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் குழாய் கிழிந்திருக்கும். அதுவும் இறக்கத்தில்! அம்மாவை வேறொரு ஜீப்பில் அனுப்பிவிட்டு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் மலையாளத்தில் ஒரே வார்த்தை சொன்னார்: "நட்டு கேறியால் போரா, டயர் திரியணும்." நட்டு ஏறினால் போதாது, டயர் திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அன்று அவரிடம் கற்றதையும், பிறகு நானே டேப் வைத்து அளந்து தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

என் ஜீப்பில் முன்பு இருந்த டயர் 215/75 ஆர் 15. இதில் 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இப்போது முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 215-இல் 75 சதவீதம் 161.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், ஆக 322.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. கூட்டினால் 703.5 மி.மீ.

நான் வாங்கிவந்தது 235/75 ஆர் 15. அதே முறையில் கணக்கிட்டால் 733.5 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ., அதாவது நூற்றுக்கு 4-க்குச் சற்று மேல். இதன் விளைவு என்ன? ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.5 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏற்றத்தில் இழுவை குறையும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் இன்ஜின் தரும் பிடிப்பும் அதே அளவு குறையும். பிரேக்கும் அந்தப் பெரிய சக்கரத்தை நிறுத்தச் சற்று அதிகம் உழைக்க வேண்டும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது, சுரத்தில் தெரியும். விட்ட வித்தியாசம் நூற்றுக்கு 2 முதல் 3-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. உதாரணமாக 235/70 ஆர் 15 டயரின் விட்டம் 710 மி.மீ.; நூற்றுக்கு 1 கூட வித்தியாசம் இல்லை. ஆனால் அகலம் கூடுகிறதே, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

2. துளை வட்டம்

போல்ட் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டமே பி.சி.டி. வில்லிஸ் ஜீப் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்புகளிலும் மாருதி ஜிப்சியிலும் இது ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மி.மீ. நான்கு துளை, ஆறு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து துளைக்கு நேரெதிரே துளை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 82 மி.மீ. வந்தால் 139.7 வட்டம். 67 வந்தால் அது 114.3 வட்டம், பல கார்களின் அளவு அது. ஐந்து துளை என்பதற்காக மட்டும் வாங்கிவிடக் கூடாது. சில மில்லிமீட்டர் வித்தியாசமுள்ள ரிம்மை நட்டால் இழுத்து முறுக்கி உட்காரவைப்பவர்களும் உண்டு. போல்ட் வளைந்து, ஓட்டத்தில் ஒடியும்.

3. ஆஃப்செட்: என்னை ஏமாற்றியது இதுதான்

சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் போய் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். துளை வட்டம் ஒன்றாகவே இருந்தாலும் ஆஃப்செட் மாறினால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளிப்போகும்.

அளக்கும் முறை எளிது. டயர் இல்லாத ரிம்மின் முன்முகத்தைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். பின்பக்க விளிம்பின் மேல் நேரான ஒரு பலகையை வையுங்கள். பலகையிலிருந்து ஹப் முகம் வரை உள்ள ஆழத்தை அளங்கள். பிறகு ரிம்மின் விளிம்போடு சேர்ந்த முழு அகலத்தில் பாதியைக் கழியுங்கள். மீதிதான் ஆஃப்செட்.

என் பழைய ரிம் 6 அங்குலம். இருபுற விளிம்பும் சேர்த்து 7 அங்குலம், 178 மி.மீ.; பாதி 89. ஆழம் 100. ஆக ஆஃப்செட் 11. வாங்கிவந்த ரிம் 7 அங்குலம். விளிம்போடு 203, பாதி 101.5. ஆழம் 140. ஆஃப்செட் ஏறக்குறைய 38. அதாவது சக்கரம் 27 மி.மீ. உள்ளே போய்விட்டது. டயர் 20 மி.மீ. அகலம் கூடியதால் உள்பக்கம் இன்னொரு 10. மொத்தம் 37. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் பழைய டயருக்கும் சுருளுக்கும் இடையே இருந்த இடைவெளியோ 30 மி.மீ.தான். பிறகு உராயாமல் என்ன செய்யும்? இந்தக் கழித்தல் கணக்கைக் கடையிலேயே போட்டிருந்தால் சுரத்தில் நின்றிருக்க வேண்டாம்.

உராய்வைத் தவிர்க்க நடுவே ஸ்பேசர் தட்டு போடச் சொல்வார்கள். சக்கரம் வெளியே தள்ளுவதால் ஹப் பேரிங்குக்குச் சுமை கூடும். நட்டு பிடிக்கும் மரையின் நீளமும் குறையலாம். மலைப்பாதைக்கு நான் அதை ஏற்கவில்லை.

4. நடுத்துளையும் நட்டும்

ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடச் சிறியதாக இருந்தால் முகம் படிந்து உட்காராது. அடுத்து, நட்டின் முனை கூம்பாக இருந்தால் ரிம்மின் துளையும் அதே சரிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கியது போலத் தோன்றிப் பிறகு தளரும். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகள் சிலவற்றில் இடப்பக்க நட்டுகள் இடது மரை கொண்டவை. கழற்றும் திசை தெரியாமல் ஸ்பேனரில் ஏறி மிதித்துப் போல்டை ஒடித்தவர்கள் பலர். எந்த நட்டானாலும் நட்சத்திர வரிசையில், ஒன்று விட்டு ஒன்றாக முறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

5. சுமையும் வயதும்

அளவுக்குப் பின்னால் 100 எஸ் என்பது போல எழுதியிருக்கும். 100 என்ற குறி ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்பதைக் காட்டும். 97 என்றால் 730 கிலோ. 94 என்றால் 670. எஸ் என்பது 180 கிலோமீட்டர் வேகம் வரை. நமக்கு வேகக் குறி முக்கியமில்லை, சுமைக் குறி முக்கியம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையைப் பாருங்கள். ஜீப்பில் ஆளும் மூட்டையும் பின்னால்தான் ஏறும்; எனவே பின் டயர்களின் தாங்குதிறன் தாராளமாக இருக்கட்டும். பழைய டயரைவிடக் குறைந்த சுமைக் குறி உள்ளதை வாங்காதீர்கள்.

பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும். பக்கத்தில் நுண்விரிசல் தெரிந்தால் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நான்கு சக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பை நம் விருப்பப்படி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப்பில் நான்கு டயரும் ஒரே விட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் கேடு. ஸ்டெப்னியும் அதே அளவு.

6. கடைசிச் சோதனை

முன்பக்கத்து ஒரு சக்கரத்தை மாட்டியதும் டயரின் உள் தோளில் சாக்பீஸால் தேய்த்துவிடுங்கள். ஆள் ஏற்றி, சமதளத்தில் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தைத் தட்டைக்கல் மேல் ஏற்றி மறுபடி ஒடியுங்கள். சுருளிலோ, பிரேக் குழாயிலோ, மட்கார்டிலோ வெள்ளைச் சுவடு பட்டிருந்தால் அந்தச் சக்கரம் உங்கள் வண்டிக்கு வேண்டாம். எங்கும் ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது இருக்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது என்பார்கள். நான் அங்குசம் மலிவாகக் கிடைத்ததென்று யானைக்கு ஒவ்வாததை வாங்கினேன். அந்த நான்கு சக்கரங்களையும் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்து, பழைய அளவிலேயே டயர் வாங்கினேன். பிரேக் குழாய்களையும் மாற்றினேன். நட்டம் பணத்தோடு போயிற்று. அம்மா இன்றும் அந்த ஜீப்பில்தான் சுரம் இறங்குகிறார். ஆனால் வளைவு வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்கிறார். நானும் கேட்கிறேன்.

அன்பர்களே, சக்கரம் வாங்கப் போகும்போது பணத்தோடு ஒரு டேப்பையும் ஒரு சாக்பீஸையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.