மரம் நட்டவரும் நீர் ஊற்றியவரும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசிப் பௌர்ணமி நன்னாளில், பெங்களூரில் நாம் வாழும் தொழிலாளர் குடியிருப்பில் 24 மரக்கன்றுகளை நட்டோம். பஞ்சசீலம் ஓதி, கொடி ஏற்றி, ஒவ்வொரு கன்றின் அருகிலும் ஒருவரை நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டோம். அடுத்த வைகாசியில் எண்ணிப் பார்த்தபோது உயிரோடிருந்தவை ஐந்து. மற்றவற்றுள் சிலவற்றை ஆடு மேய்ந்தது. இரண்டைத் தண்ணீர் லாரி பின்வாங்கும்போது முறித்தது. பெரும்பாலானவை நீரின்றிக் காய்ந்தன. நட்ட அன்று பேருரை ஆற்றியவர் நாமே. ஆகலின் வெட்கமும் நம்முடையதே.

பிழைத்த ஐந்தும் எவை? ஒன்று தேநீர்க் கடை வாசலில் நின்றது. குவளை அலசிய நீர் அதற்குப் போயிற்று. இரண்டு, இட்லி சுட்டு விற்கும் மூதாட்டி ஒருவரின் வீட்டுக்கு எதிரே நின்றன. அரிசி களைந்த நீரை அந்த அம்மையார் நாள் தவறாமல் ஊற்றினார். மற்ற இரண்டும் ஆட்டோ நிறுத்தத்தில் இருந்தன. நிழல் வேண்டிய ஓட்டுநர்கள் முறை வைத்து நீர் வார்த்தனர். இவர்களுள் ஒருவரேனும் நமது சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். இதனை ஒரு பாடமாகக் கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சம்யுத்த நிகாயத்தில் வனரோப சூத்திரம் என ஒன்று உண்டு. எவருடைய புண்ணியம் இரவும் பகலும் வளர்கின்றது என்று ஒரு தேவதை வினவ, சோலை வைப்போர், பாலம் அமைப்போர், கிணறு எடுப்போர், தங்க இடம் அளிப்போர் முதலியோரைப் பகவான் விடையாகக் கூறுகிறார். இவை யாவும் ஒரு நாளில் செய்து முடித்துவிட்டுப் போகத்தக்க செயல்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பழுது பார்க்காத பாலம் இடியும். தூர் வாராத கிணறு பாழாகும். இரவும் பகலும் காக்கப்படுவதனாலேயே அப்புண்ணியம் இரவும் பகலும் வளர்கின்றது என்று நாம் பொருள் கொள்கிறோம். பண்டிதர்கள் வேறு பொருள் கூறக்கூடும். ஆலையில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் பார்த்தே காலம் கழித்த நமக்கு இவ்வாறே தோன்றுகிறது.

அசோகச் சக்கரவர்த்தியும் தமது கல்வெட்டுகளில் சாலையோரம் ஆலமரம் வைத்ததையும் மாந்தோப்பு அமைத்ததையும் தெரிவிக்கும் இடத்தில், கிணறு வெட்டியதையும் உடன் தெரிவிக்கின்றார். கன்றைப் பற்றிப் பேசுவோர் நீரைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

நமது காலத்தில் இதற்குச் சான்றாக விளங்கியவர் திம்மக்கா அம்மையார். மாகடி வட்டத்தைச் சார்ந்த ஹுலிகல், கூடூர் ஆகிய ஊர்களுக்கு இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் சாலையில் நூற்றுக்கணக்கான ஆலமரங்களைத் தம் கணவர் சிக்கையாவுடன் வளர்த்தவர். கூலி வேலை செய்த அத்தம்பதியர் குடத்தில் நீர் சுமந்தே அவற்றைக் காத்தனர். 2019இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது, 2025இல் மறைந்தார். நகருக்குள்ளேயும் 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் முன்னின்று 15 லட்சம் மரங்களை நடுவித்தார். வாசலில் கன்று பெற்ற குடிமக்களின் கவனிப்பும் அவ்வெற்றியில் கலந்திருந்தது.

ஆலை உவமை ஒன்று கூறுவோம். நூற்புப் பகுதியில் இன்னாருக்கு இத்தனை சைடு என்று பிரித்துக் கொடுப்பர். தம் சைடில் இழை அறுந்தால் அவரே ஓடிச் சென்று இணைப்பார். எல்லாச் சைடும் எல்லாருக்கும் பொது என்று விட்டிருந்தால், அறுந்த இழை அறுந்தபடியே கிடந்திருக்கும். 24 கன்றுகளையும் நாம் சங்கத்துக்குப் பொது என்று விட்டுவிட்டோம். அதுவே நாம் செய்த பிழை.

எனவே இப்போது முறையை மாற்றியுள்ளோம். குழி தோண்டுமுன் எதிர்வீட்டாரிடம் சென்று கேட்கிறோம். அவர்கள் எம்மதத்தினராயினும் சரியே. சிலர் மறுக்கின்றனர்; சருகு விழும், சாக்கடை அடைபடும் என்கின்றனர். அவர்களை மரத்தின் பகைவர் என்று ஏசுதல் தகாது. நாம் சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போய்விடுவோம். நாள்தோறும் சருகு கூட்டுபவர் அவ்வீட்டுப் பெண்மணி அன்றோ? மறுத்தால் அடுத்த இடம் பார்க்கிறோம். இசைந்தால் ஒரு மரத்துக்கு இரண்டு வீட்டார் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறோம். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் பார்ப்பார்.

நடும் முறையிலும் தவறு செய்திருந்தோம். வைகாசிப் பௌர்ணமி பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறது. அப்போது நம் நகரில் இடிமழை இரண்டொரு நாள் பெய்துவிட்டு நின்றுவிடும். பருவமழை ஊன்றிய பின் நடுவதே நன்று. விழா நாளில் குழியை வெட்டி எருவிட்டு வைத்தால் போதும். குழி இரண்டடிக்குக் குறையாத ஆழமும் அகலமும் கொள்ளட்டும். ஆள் உயரக் கன்றாயின் ஆட்டின் வாய்க்கு எட்டாது. முதல் மூன்று கோடைகளில் வாரம் இருமுறையேனும் ஒரு குடம் நீர் வேண்டும். கூண்டு வைப்பது காவல். ஆயினும் தண்டு பருத்தபின் அதனைக் கழற்ற மறந்தால் அதுவே விலங்காகிப் பட்டையை அறுக்கும்.

மரத்தடியைச் சிமெண்டால் மெழுகுவது மற்றொரு கேடு. வேருக்கு நீரும் காற்றும் இறங்க வழி வேண்டும். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை நீக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. நம் தெருவில் ஒரு கடப்பாரை இருந்தால் போதும். மரத்தில் ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டும் வழக்கத்தையும் கைவிட வேண்டும்; நமது விழா அறிவிப்பே அவ்வாறு தொங்கக் கண்டோம்.

இனி, அன்பர் பலர் கேட்கும் கேள்விக்கு வருவோம். விகாரை வாசலில் அரசமரம் நடலாகாதா? போதி விருட்சத்தின் மீது நமக்குள்ள பக்தி பெரிது. ஜேதவனத்தில் ஆனந்தர் போதிக்கன்றை நடுவித்த வரலாற்றை அறியாதார் இல்லை. ஆனால் ஜேதவனம் பரந்த சோலை. நம் விகாரை நிற்பதோ பத்தடிச் சந்து. அங்கே அரசு வளர்ந்தால் இருபதாண்டில் சுவரைப் பிளக்கும், மின்கம்பியைத் தொடும். பிறகு அதனை வெட்டச் சொல்லி நாமே மனு எழுத நேரும். ஏரிக்கரையிலோ மயானத்து ஓரத்திலோ இடம் பெற்று அரசை அங்கே வையுங்கள். சுவர் வெடிப்பில் பறவை இட்ட அரசங்கன்றையும் பிஞ்சிலேயே வேரோடு எடுத்து அங்கே கொண்டு செல்லலாம். சந்துக்குப் புங்கும் மகிழும் பொருந்தும். குல்மோகர் அழகு; ஆயினும் கோடைப் புயலில் கிளை முறிந்து விழும். தகரக் கூரைகள் நெருங்கிய நம் தெருவுக்கு அது வேண்டாம்.

அத்தகரக் கூரையின் கீழ் வாழ்வோருக்கே மரம் முதலில் தேவை. பெங்களூர்ச் சாலைகளில் அளந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மரமுள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் பிற்பகல் காற்றின் வெப்பத்தில் 5.6 டிகிரி வரையும், தார்ச்சாலையின் மேற்பரப்பில் 27.5 டிகிரி வரையும் வேறுபாடு காணப்பட்டது. தள்ளுவண்டிக்காரரும் வெறுங்காலில் ஓடும் சிறுவரும் இதனை அளவுகோல் இன்றியே அறிவர்.

இவ்வாண்டு 8 கன்றுகளே நட இருக்கிறோம். ஏழுக்குப் பதிவேட்டில் பெயர் எழுதியாயிற்று. ரேஷன் கடை முனையிலுள்ள எட்டாவதற்கு எதிரே வீடில்லை. அதனை ஏற்க விரும்புவோர் ஞாயிறன்று தம்மக் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். வீட்டில் குடம் சுமப்பவரைக் கேட்டுக்கொண்டு வந்து கொடுப்பது நலம்.