கட்டங்களில் அடங்கும் சித்திரம்

சேலை டிசைன்களைக் கணிப்பொறியில் எழுதி வைக்கும் வழக்கம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் பரவியுள்ளது. டிசைன் என்பது சங்கத்தின் சொத்து. அச்சொத்தைச் சேதமின்றிக் காக்க வேண்டுமாயின், கணிப்பொறி ஒரு படத்தை எவ்விதம் குறித்து வைத்துக்கொள்கிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும். இது கடினமான விஷயமன்று. தறியில் அமர்ந்து பழகியவர் இதில் பாதியை முன்னரே அறிவார்.

1. கட்டமும் எண்ணும்

ஜக்கார்டு அட்டை அடிப்பதற்கு முன் புட்டாவைக் கிராப் தாளில் எழுதுகிறோம். வர்ணமிட்ட கட்டத்திற்கு அட்டையில் துளை, வெறுங்கட்டத்திற்குத் துளையில்லை. துளை உள்ள இடத்தில் பாவு நூல் உயர்கிறது. கணிப்பொறியும் இவ்வாறே படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. இக்கட்டத்திற்குப் பிக்சல் என்று பெயர். துளைக்கு 1, துளையின்மைக்கு 0 என்று கொண்டால், அதுவே பிட் எனப்படும் மிகச்சிறு அளவு. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் குழந்தையின் புகைப்படத்தை இம்முறையில் கணிப்பொறியில் ஏற்றினார். அப்படத்தில் இருந்தவை 176க்கு 176, அதாவது 30,976 கட்டங்களே.

2. வர்ணக் கணக்கு

குறுக்கே 480, நெடுக்கே 600 கட்டங்கள் கொண்ட ஒரு முந்தானை டிசைனை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 2,88,000 கட்டங்கள். கறுப்பு, வெள்ளை மட்டுமாயின் கட்டத்திற்கு ஒரு பிட். ஆக 36,000 பைட்டு போதும். புகைப்படத்தைப் போல எல்லா வர்ணங்களும் வேண்டுமெனில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தலா ஒரு பைட்டு தேவை; ஆக 8,64,000 பைட்டு. ஆனால் முந்தானையில் நான்கு வர்ண நூல்களே உள்ளன எனில், அந்நான்கையும் ஒரு பட்டியலாக எழுதி, கட்டந்தோறும் பட்டியல் எண்ணை மட்டும் குறிக்கலாம். இதற்குக் கட்டத்திற்கு இரண்டு பிட் வீதம் 72,000 பைட்டும், பட்டியலுக்குச் சிறிது இடமுமே செலவாகும். நெசவு டிசைனுக்கு ஏற்ற முறை இதுவே.

3. சுருக்கத்தில் உள்ள அபாயம்

இடத்தை மிச்சப்படுத்தப் படத்தைச் சுருக்குவதுண்டு. அது இருவகைப்படும். "சிவப்பு, சிவப்பு" என்று இருநூறு முறை எழுதாமல் "சிவப்பு 200" என்று எழுதுவது போன்றது முதல் வகை. இதில் ஒரு கட்டமும் மாறுவதில்லை. பி.என்.ஜி. என்னும் முறை இழப்பற்ற இவ்வகையைச் சேர்ந்தது.

1992இல் வகுக்கப்பட்ட ஜேபெக் முறை மற்ற வகை. அது படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பகுத்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை விட்டுவிடுகிறது. முகப்படத்திற்கு இதனால் கேடில்லை. டிசைனிலோ, புட்டாவின் விளிம்பில் நான்கு வர்ணங்களோடு கலப்பு வர்ணங்கள் பல முளைத்துவிடும். எக்கட்டத்திற்குத் துளையிடுவது என்ற ஐயம் எழும். தவறிய ஒரு துளை, அட்டைச் சுற்று திரும்பும்போதெல்லாம் சேலையில் குறையாக வரும். அக்குறையால் நேரும் நஷ்டம் சங்கத்தையும் நெசவாளரையும் ஒருங்கே தாக்கும்.

விட்டுப்போன விவரத்தைப் படத்தைப் பெரிதாக்கி மீட்கவும் இயலாது. இரட்டிப்பாக்கினால் ஒரு கட்டம் நான்காகுமேயன்றிப் புதிய நுட்பம் பிறவாது.

4. சங்கங்கள் செய்யத்தக்கவை

மூல டிசைனை இழப்பற்ற முறையிலேயே சேமிக்க வேண்டும். கைப்பேசிச் செய்தியில் புகைப்படமாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்படக்கூடும். ஆகையால் கோப்பாகவே அனுப்புதல் நலம். வெவ்வேறு இடங்களில் இரு பிரதிகள் இருக்கட்டும். நூல் வர்ணத்தைத் திரையைப் பார்த்து முடிவு செய்யாமல், சாயமிட்ட மாதிரி நூலைக் கோப்பின் எண்ணோடு சேர்த்து வைக்க வேண்டும். கறையான் அரிக்கும் பழைய கிராப் தாள்களையும் இம்முறையில் பதிவு செய்துகொண்டால், முன்னோர் உழைப்பு பின்வரும் நெசவாளருக்கும் பயன்படும்.

பயிற்சி வினா: எட்டு வர்ண நூல்கள் கொண்ட டிசைனுக்குக் கட்டத்திற்கு எத்தனை பிட் தேவை? அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.